கடையில் விற்காத மருந்து

2009 கோடையில் கோபி பக்கம் என் சித்தப்பாவின் மல்பெரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கர். வரப்பிலிருந்து பார்த்தபோது செடி நுனிகளில் பஞ்சு வெடித்திருக்கிறதோ என்று தோன்றியது. கிட்டே போனால் கொழுந்து முழுக்க வெள்ளை மாவு. ஒரு இலையைக் கிள்ளினேன், விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மாவை ஊதிவிட்டுப் பார்த்தால் அரிசிக் குருணையைவிடச் சின்னதாக மஞ்சள் உடம்புகள் நகர்ந்தன. தண்டில் எறும்புச் சாரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அந்தப் பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவம் கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோலக் கிடந்தது.

“மருந்தடிச்சாப் புழு சாகுது, அடிக்காட்டிச் செடி சாகுது. என்ன பண்ணச் சொல்ற கண்ணு?” என்றார் சித்தப்பா.

பட்டுப்புழு வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். மல்பெரி இலையில் பூச்சிமருந்து பட்டால், அதன் வீரியம் அடங்கும்வரை அந்த இலையைப் புழுவுக்குப் போட முடியாது. புழுவோ ஒரு வேளைகூடப் பட்டினி தாங்காது. அந்த வருடம் அவர் இரண்டு முறை முட்டை எடுத்துப் புழு பொரித்தும் கூடு கட்டும் வரை கொண்டுபோக முடியவில்லை. புழு கூடு கட்ட ஏற்றிவிடும் சந்திரிகைத் தட்டுகள் சுவரில் சாய்ந்தபடியே இருந்தன. அடுத்த வருடம் செடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போட்டார். கோபி, திருப்பூர் வட்டாரங்களில் அப்படிப் பிடுங்கியவர்கள் பலர்.

செடியைப் பிடுங்கிய அதே வருடத்தின் கடைசியில் அந்தப் பூச்சிக்கு மருந்து வந்தது. எந்த உரக்கடையிலும் அது விற்பனைக்கு வரவில்லை, இன்றைக்கும் வருவதில்லை. பயிர் நலத்துக்கென்று அரசு செலவழிக்கும் பணம் எங்கே போனால் வேலை செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

பூச்சிக்குப் பெயர் வைப்பது

அந்தப் பூச்சி பப்பாளி மாவுப்பூச்சி. சொந்த மண் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது ஒரு தொல்லையே கிடையாது. 1990களில் கரீபியத் தீவுகளுக்குப் பரவியது, 1998இல் புளோரிடாவில் தெரிந்தது, பிறகு பசிபிக் தீவுகள். 2008 மே மாதம் இந்தோனேசியாவின் போகோரிலும், ஜூலையில் நம் கோயம்புத்தூரிலும் அதை அடையாளம் கண்டார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து அமெரிக்க அரசின் நிதியில் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தை நடத்திவந்த ஆர். முனியப்பனும் அவருடன் இருந்தவர்களும் கண்டறிந்த செய்தி அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தில் பங்குபெற்றிருந்தது.

அடையாளம் காண்பது சின்ன வேலை என்று நினைக்கத் தோன்றும். நம் ஊரில் ஏற்கெனவே பல வகை மாவுப்பூச்சிகள் உண்டு. பருத்தியில் ஒன்று, திராட்சையில் ஒன்று, செம்பருத்தியில் ஒன்று. வெறும் கண்ணுக்கு எல்லாம் வெள்ளை மாவுதான். சரியான பெயரைச் சொல்வதற்குப் பூச்சியைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, உருப்பெருக்கியில் வைத்து, உடம்பின் ஓரத்திலுள்ள நுண்ணிய துளைகளையும் முடிகளையும் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பெயர் தெரிந்தால்தான் சொந்த நாடு தெரியும். சொந்த நாடு தெரிந்தால்தான் அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் எதிரி யார் என்று தேட முடியும். இந்த வேலையைச் செய்கிறவர்கள் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அரசுதான்.

பெயர் தெரிவதற்கு முன்னும் பின்னும் விவசாயி செய்த ஒரே காரியம் மருந்தடித்தது. அது பலிக்காததற்குக் காரணம் பூச்சியின் உடம்பிலேயே இருந்தது. மேலே மெழுகுப் பூச்சு, தண்ணீர் ஒட்டாது. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒரு வயலில் அடித்து ஓய்ந்தாலும் வேலியோரத்துப் பார்த்தீனியத்திலும் காட்டாமணக்கிலும் செம்பருத்தியிலும் அது உட்கார்ந்திருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, தக்காளி, கத்தரி, கொய்யா, தேக்கு என்று அது ஏறாத செடி குறைவு. அடித்த மருந்தில் முதலில் செத்தது அதைத் தின்ன வந்த பொறிவண்டும் சிலந்தியும்தான்.

பொறிவண்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்று நூறு வருடத்துக்கு மேலாக இந்தியாவில் இருக்கிறது. அதன் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூலோடு ஒரு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய், ‘இது தாய்ப்பூச்சி’ என்று தேடித் தேடி நசுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எதிரி இல்லை என்று வயலுக்கு வந்து காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. பூச்சி கண்ட இடத்தில் வேளாண்மைத் துறையின் ஆள் ஒருவர் வந்து நிற்பதும் பயிர் நலச் செலவுதான். அந்தப் பணியிடம் காலியாக இருக்கும்போது உரக்கடைக்காரர்தான் பூச்சி வைத்தியர்.

இருபத்தேழு மாதங்கள்

இந்தப் பூச்சிக்கான எதிரியை யாரும் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. பூச்சி தன் நாட்டுக்குள் வந்த பிறகு அமெரிக்க வேளாண் துறை மெக்சிகோவுக்கு ஆள் அனுப்பி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும் சில ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிடித்து வந்திருந்தது. அந்தத் துறையில் பயிர் நலத்தையும் கால்நடை நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் பணத்தில்தான் புவேர்ட்டோ ரிக்கோவில் ஒரு கூடத்தில் இந்தக் குளவிகளை வருடக்கணக்கில் வளர்த்து வைத்திருந்தார்கள். கேட்ட நாட்டுக்கு அனுப்பினார்கள். குவாம், பலாவ் தீவுகளில் முன்னமே விட்டுப் பலன் பார்த்தாயிற்று. இலங்கையில் 2008இல் பூச்சி தெரிந்தது, 2009இலேயே குளவியை வரவழைத்து விட்டுவிட்டார்கள்.

நமக்கு 2010 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. மூன்று வகைக் குளவிகள் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகத்துக்கு வந்தன (அன்றைக்கு அதன் பெயர் சற்று வேறு). அங்கே தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். வெளிநாட்டுப் பூச்சியை அப்படியே திறந்துவிட முடியாது. இது வேறு எதையாவது தாக்குமா, இதன் உடம்புக்குள்ளேயே வேறொரு ஒட்டுண்ணி ஒளிந்து வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனைக்கு நான் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். 2010 அக்டோபரில் கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் முதல் குளவிகளை விட்டார்கள்.

கணக்குப் போட்டால் பெயர் தெரிந்ததிலிருந்து குளவி விட்டது வரை 27 மாதம். அதில் சோதனைக்கு ஆனது கடைசி மூன்று மாதம். மிச்சம் இரண்டு வருடம் விவசாயி மருந்தடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் மல்பெரி போனது அந்த இரண்டு வருடத்தில்தான்.

மூன்றில் ஒரு வகை மட்டும் இங்கே அமோகமாகப் பெருகியது. மஞ்சளும் பழுப்புமாக, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவி. மனிதரைக் கொட்டாது. கண்ணில் படுவதே அபூர்வம். பெண் குளவி மாவுப்பூச்சியின் இளம்பருவத்தைத் தேடி, உடம்பைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். முட்டை பொரித்த புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பிப் பழுப்பாகி, தோல் கெட்டியாகிக் கூடாகிவிடும். கடைசியில் அந்தக் கூட்டில் ஒரு வட்ட ஓட்டை போட்டுப் புதுக் குளவி வெளியே வரும். பப்பாளி இலையைத் திருப்பி வெயிலில் பிடித்துப் பார்த்தால் இந்த ஓட்டைக் கூடுகள் தெரியும். இது தெரிந்த நாளிலிருந்து எந்தப் பப்பாளி மரத்தைக் கண்டாலும் ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

பெருக்கிய விதமும் எளிதானது. உருளைக்கிழங்கை இருட்டில் முளைக்கவிட்டு, முளையில் மாவுப்பூச்சியை ஏற்றி, அது பெருகியதும் குளவியை விட்டார்கள். வெளிவந்த குளவிகளைச் சிறு குப்பிகளில் பிடித்து ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் மையங்கள், பட்டு வளர்ச்சித் துறை எல்லாம் கைகோத்த வேலை. விவசாயிக்கு இலவசம். ஒரே நிபந்தனை, குளவி விட்ட வயலில் மருந்தடிக்கக் கூடாது. மாவுப்பூச்சியைவிடக் குளவி வேகமாகத் தலைமுறை எடுக்கும் என்பதால் சில மாதங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. விட்ட இடத்திலிருந்து அதுவே பறந்து பக்கத்து ஊருக்கும் போனது. மறு வருடமே பூச்சி அடங்கிவிட்டது.

பணக்கணக்கு

வர்ஜீனியா டெக்கையும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் 2014இல் இதன் பொருளாதாரப் பலனைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, தக்காளி, கத்தரி ஆகிய ஐந்து பயிர்களை மட்டும் எடுத்துக்கொண்ட கணக்கு. முதல் வருடப் பலன் 12.1 கோடி டாலரிலிருந்து 30.9 கோடி டாலர் வரை. ஐந்து வருடத்துக்கு 52.4 கோடியிலிருந்து 134 கோடி டாலர் வரை. டாலருக்கு 45 ரூபாய் என்று அன்றைய மதிப்பில் வைத்தால், முதல் வருடத்தின் குறைந்த அளவே 540 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மாதத்துக்கு 45 கோடி. அப்படியானால் காகிதமும் அனுமதியும் நகர்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு மாதமும் நாம் எவ்வளவு இழந்தோம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

இவ்வளவு லாபம் தரும் வேலையை ஏன் ஒரு கம்பெனியும் செய்யவில்லை? ஒரு விவசாயிக்கு விற்ற குளவி பணம் கட்டாத பக்கத்து வயலுக்கும் பறந்துபோகும். தானே பெருகும். அடுத்த போகத்துக்கு யாரும் மறுபடி வாங்க வர மாட்டார்கள். வேலையை நன்றாகச் செய்யச் செய்ய வியாபாரம் படுத்துவிடும். ஆகவே இதற்குப் பணம் போடக்கூடியது அரசு மட்டும்தான். மருந்துத் தெளிப்பானுக்கும் விதைக்கும் மானியம் தரட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் தெளிப்பானைச் சந்தையில் யாராவது விற்பார்கள், குளவியை விற்க ஆளில்லை. வரவுசெலவுத் திட்டத்தில் எது முதலில் வர வேண்டும் என்பதை இதை வைத்தே முடிவுசெய்யலாம்.

மானியத்துக்கு ஒரு வசதி உண்டு. எத்தனை தெளிப்பான், எத்தனை பேருக்கு என்று எண்ணிக் காட்டலாம், மேடையில் கொடுக்கலாம். குளவிக்கு அந்த வசதி கிடையாது. பெங்களூரு நிறுவனத்தின் வேர் 1957இல் அங்கே தொடங்கிய ஓர் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருக்கிறது. 1977இலிருந்து நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த திட்டமாக வளர்ந்தது. அந்தத் தனிமைக் கூடமும் அதில் வேலை தெரிந்தவர்களும் பூச்சி வராத வருடங்களிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கே இருந்ததால்தான் 2010இல் மூன்று மாதத்தில் சோதனையை முடிக்க முடிந்தது. புவேர்ட்டோ ரிக்கோவிலும் இதே கதைதான். அங்கே யாரோ வரி கட்டி ஒரு குளவிக் கூட்டத்தை உயிரோடு வைத்திருந்தார்கள், நமக்குக் கிடைத்தது.

பெரியவர்கள் சிலர் சப்பாத்திக்கள்ளி பற்றிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலமெல்லாம் அது மண்டிக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து ஒரு சாறுறிஞ்சும் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், மாவுப்பூச்சிக்குத் தூரத்து உறவு அது. சில வருடங்களில் கள்ளிக்காடு விழுந்தது. இது நமக்குப் புதிய வித்தை இல்லை.

மாட்டுக் கொட்டகையில் இதே பாடம்

கால்நடைக்கு வந்தால் வெக்கை நோய். மாட்டுக்குக் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், சில நாட்களில் சாவு. பட்டி பட்டியாக மாடுகளைக் கொண்டுபோன நோய் அது. 1954இல் இந்தியா அதை ஒழிக்க நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. நம் பக்கத்தில் இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கு முதுகெலும்பாக இருந்தது. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் தெரிந்தது 1995இல். 2006இல் இந்தியா நோய்த்தொற்று அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது 1995க்கும் 2006க்கும் இடைப்பட்ட 11 வருடங்கள். ஒழிந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டுமானால் முதலில் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். பிறகு கிராமம் கிராமமாகப் போய் நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். கால்நடை மருத்துவர்கள் சந்தைகளிலும் மாடு ஓட்டிச் செல்லும் பாதைகளிலும் தேடினார்கள், இரத்த மாதிரி எடுத்தார்கள், எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். எதுவும் கிடைக்காததற்காகப் பதினோரு வருடம் பணம் செலவழித்த திட்டம் அது. நான் அறிந்த வரையில் கால்நடை நலத்துக்கு நாடு செய்த மிக நல்ல செலவு அதுதான்.

கோமாரியில் கணக்கு வேறு மாதிரி. 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் எதிராக 13,343 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வெக்கை நோய்த் தடுப்பூசி ஒரு முறை போட்டால் மாட்டுக்கு ஆயுள் முழுக்கக் காப்பு. கோமாரி ஊசியை ஆறு மாதத்துக்கொரு முறை போட்டாக வேண்டும். ஒரு சுற்று தள்ளிப்போனாலும் முந்தைய சுற்றின் பலன் கரைந்துவிடும். குளிர்பதனப் பெட்டியோடு ஊசி போடுகிறவர் கொட்டகைக்கு வருவது ஒரு முறை தடைபட்டால் போட்ட பணம் தண்ணீராகப் போய்விடும். ஆகவே இந்தத் திட்டத்துக்குத் தொகையைவிடத் தேதி முக்கியம்.

மரவள்ளி: இரண்டாவது பரீட்சை

2020 ஏப்ரலில் கேரளத்தின் திருச்சூர் பக்கம் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சி தெரிந்தது. பிறகு சேலம், நாமக்கல் வட்டாரங்களில் பரவியது. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் குச்சிக்கிழங்கு என்றால் வெறும் கிழங்கு மட்டுமில்லை, ஜவ்வரிசி ஆலைகளும் சேலத்துச் சேகோசர்வ் கூட்டுறவும் அதை நம்பி நிற்கின்றன. இந்தப் பூச்சி கொழுந்தைத் தாக்கினால் இலைகள் சுருண்டு நுனி கொத்தாக முறுக்கிக்கொள்ளும், கணுக்கள் நெருங்கிவிடும், கிழங்கு பெருக்காது. நடுவதற்கு வெட்டும் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். ஆண் இல்லாமலே பெருகும்.

இதற்கும் விடை ஏற்கெனவே உலகத்தில் இருந்தது. 1970களில் இதே பூச்சி தென்னமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியையே சோறாக உண்ணும் மக்களைப் பட்டினிக்கு அருகே கொண்டுபோனது. 1981இல் பராகுவேயில் இதன் எதிரிக் குளவியைக் கண்டார்கள். நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் குழு அதைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுக்க விட்டது. அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2008இல் தாய்லாந்துக்குப் பூச்சி போனபோது, அடுத்த வருடமே அந்த நிறுவனத்தின் பெனின் நிலையத்திலிருந்து குளவியை வரவழைத்துக்கொண்டார்கள்.

நமக்கு 2021இல் பெனினிலிருந்து பெங்களூருவுக்கு வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதல் முறையாக வயலில் விட்டார்கள். பராகுவே, இபாதான், பெனின், பெங்களூரு, ஏத்தாப்பூர் என்று நாற்பது வருடப் பயணம் அது.

ஏப்ரல் 2020 முதல் மார்ச் 2022 வரை 23 மாதம். முந்தைய முறை 27. நடுவில் கொரோனா வந்து விமானமே நின்றுபோனதை நினைத்தால் இந்த முறை வேலை பார்த்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பப்பாளியில் ஒரு முறை பட்ட பிறகு, மரவள்ளி மாவுப்பூச்சி தாய்லாந்து வரை வந்துவிட்டது தெரிந்த பிறகு, பன்னிரண்டு வருடம் கையில் இருந்தது. இறக்குமதி அனுமதிக்கான கோப்பையும் சோதனைத் திட்டத்தையும் பூச்சி வருவதற்கு முன்பே தயாராக வைத்திருக்கலாம். அடுத்து எந்தப் பூச்சி எந்தத் துறைமுகம் வழியாக வரும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் எதிரியும் எந்த நாட்டில் யாரிடம் கிடைக்கும் என்று எழுதிவைக்க நாலைந்து பேருடைய சம்பளமும் ஓர் அறையும் போதும். நிதி கேட்கும் இடத்தில் நான் இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

ராசிபுரம் பக்கம் என் மனைவியின் மாமா ஒருவர் இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு போடுகிறார். 2022 கடைசியில் போயிருந்தபோது முறுக்கிய நுனி ஒன்றை ஒடித்து விரித்துக் காட்டினார். மாவுக்குள் பழுப்புக் கூடுகள் இருந்தன, சிலவற்றில் ஓட்டை. குளவி தானாகவே வந்ததா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா என்று அவருக்குத் தெரியவில்லை. மருந்தடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அந்த மாதிரி நுனிகளாகப் பார்த்து இருபது முப்பது ஒடித்து ஒரு கேரிபேக்கில் போட்டுக்கொண்டார்.

“மேக்காலத் தோட்டத்துக்காரர் இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்கறாருங்க மாப்ள. இதைக் கொண்டுபோய் அவர் செடியில சொருகிட்டு, பத்து நாளைக்கு மருந்துத் தொட்டியத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துர்றேன்” என்று பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.